மண்டபத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டாயிற்று, பாதுகாப்பு?

செந்தூல்காரி (கோலாலம்பூர்) – இழையைத் தொடங்கியவர்

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கமும் பக்கத்துக் கோயில் நிர்வாகமும் சேர்ந்து மழைக்காலத் தயாரிப்புக் கூட்டம் நடத்தின. அரிசி எத்தனை மூட்டை, பாய் எத்தனை, பால்மாவு, அணையாடை, குடிநீர்ப் போத்தல் என்று எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். வெள்ளத்தின்போது மண்டபத்தில் வந்து தங்குகிறவர்களைப் பாதுகாப்பது எப்படி என்று நான் கேட்டபோது, "அதற்குத்தான் போலீஸ் இருக்கிறதே" என்றார் ஒருவர். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. மனம் ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் நான் தொண்டு செய்த ஒரு மண்டபத்தில் பெண்கள் கழிப்பறை பின்கட்டில் இருந்தது. பின்கதவைத் திறந்து, கூரையில்லாத ஒரு சந்து வழியாகப் போக வேண்டும். சந்து விளக்கு எரியவில்லை. மூன்று கதவுகளில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள். மற்ற இரண்டிலும் உள்ளே இருப்பவர் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததும் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பால் கொடுக்கும் தாய் ஒருத்தி தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். "காலையில் குடித்துக்கொள்கிறேன் அக்கா" என்றாள். பெட்டி பெட்டியாகக் குடிநீர் அடுக்கியிருந்த மண்டபம் அது.

இன்னொன்று நுழைவு மேசையில் இருந்த பதிவேடு. குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, "ஆட்கள்". ஒரு வரியில் ஆட்கள் 6 என்று இருந்தது. அந்த ஆறு பேரில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டி ஒருவர். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவள் குடும்பத் தலைவரின் மகள் அல்ல, ஊரில் இருக்கும் அக்காளின் மகள். அந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்ணும் அவளது கைக்குழந்தையும் அதே ஆறுக்குள் அடக்கம். பொட்டலம் கணக்கிட அந்த ஆறு போதும். பாட்டிக்கு மருந்து உண்டா, அந்தச் சிறுமி யாருடைய பொறுப்பில் இருக்கிறாள், வாடகைக்கு இருந்தவள் நாளை எங்கே போவாள் என்பதற்கெல்லாம் அந்த எண்ணில் விடை இல்லை.

வந்தவர் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் பதிவாக வேண்டும். பாதுகாப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளம் பார்த்தவர்களும் மண்டபத்தில் வேலை செய்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஆற்றோரத்தான் (ஷா ஆலம்)

நாங்கள் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு. 2021இல் என்ன நடந்தது என்று நாட்டுக்கே தெரியும். அந்த வெள்ளத்தில் நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள், 70,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் கீழ்த்தளத்தை மூடி மாடிப்படியில் ஏறியது.

நான் சொல்ல நினைப்பது அப்பாவைப் பற்றி. படகு வந்தபோது அம்மாவையும் தங்கைகளையும் ஏற்றிவிட்டு, அவர் மாடியிலேயே இருந்துவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. ஆளில்லாத வீடுகளில் திருட்டு நடக்கிறது என்ற பேச்சு அதற்குள் பரவிவிட்டது. நகையும் நிலப் பத்திரமும் மாடி அலமாரியில் இருந்தன. எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படி ஒரு ஆண் பின்தங்கினார்.

மண்டபத்தில் என்ன பாதுகாப்பு என்று அக்கா கேட்கிறார். விட்டுவந்த வீட்டுக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தெருவுக்கு ஒரு படகு ரோந்து வரும் என்று யாராவது உறுதி கொடுத்திருந்தால் அப்பா முதல் படகிலேயே ஏறியிருப்பார்.

மண்டபப் பொறுப்பாளர் (கிள்ளான்)

அக்கா சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையைக் கொஞ்சம் பாருங்கள். நள்ளிரவில் லாரியில் இருந்து நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். உடம்பெல்லாம் சேறு, குழந்தைகள் அழுகின்றன, மின்சாரம் வந்து வந்து போகிறது. மேசையில் இரண்டே பிள்ளைகள், இருவரும் கல்லூரி மாணவர்கள். ஒவ்வொருவரின் பெயர், வயது, நோய் என்று எழுத உட்கார்ந்தால் வரிசை வாசலைத் தாண்டி மழையில் நிற்கும். முதலில் உள்ளே விட வேண்டும், துண்டு கொடுக்க வேண்டும், சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவுப்படி நிவாரண மையத்தை நடத்துவதும் பாதிக்கப்பட்டவர்களைப் பதிவதும் சமூக நலத்துறையின் வேலை. அவர்கள் வரும்வரை நாங்கள் கதவைத் திறந்து வைக்கிறோம், அவ்வளவுதான். தொண்டர்கள் தலையில் எல்லாவற்றையும் ஏற்றினால் அடுத்த மழைக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

பட்டர்வொர்த் தாதி (பணி ஓய்வு)

பொறுப்பாளர் தம்பிக்கு ஒரு வார்த்தை. முதல் இரவில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், சரி. ஆனால் மூன்று கேள்விகள் காத்திருக்காது: தினமும் எடுக்கும் மருந்து கையில் இருக்கிறதா? டயாலிசிஸ் நோயாளி யாராவது உண்டா, அடுத்த முறை எந்த நாள்? கர்ப்பிணி யார், எத்தனை மாதம்? இதை வரிசையில் நிற்க வைத்துக் கேட்க வேண்டியதில்லை. துண்டு கொடுக்கும் ஆளே கேட்கலாம்.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பெரும்பாலும் வாரத்தில் மூன்று முறை சிகிச்சை. இரண்டு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவர் மண்டபத்தின் மூலையில் அமைதியாகப் படுத்திருப்பார், பார்ப்பவர்களுக்கு அசதியாகத் தெரியும். இன்சுலின் குப்பியைக் குளிரில் வைக்க வேண்டும். மண்டபத்தில் ஒரே ஒரு குளிர்பெட்டி இருக்கும், அதில் யாரோ கோழியை அடைத்து வைத்திருப்பார்கள்.

வயதானவர்களைப் பற்றி ஜப்பானில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தில் நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். அதற்குப் பிறகு, முகாமிலும் காருக்குள்ளும் தூங்கியதாலும், சிகிச்சை தடைபட்டதாலும், அலைச்சலாலும் இறந்தவர்கள் 200 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இத்தகைய மரணங்களுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு. பேரிடர் சார்ந்த மரணம் என்று அரசு பதிவு செய்கிறது, குடும்பத்துக்கு உதவித்தொகையும் உண்டு. நம் ஊரில் மண்டபத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து இறந்த முதியவரை யாரும் வெள்ளத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பியர் என்ற அனைத்துலக நிவாரணக் கையேடு ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் தங்குமிடம், நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. பெண்களுக்கான கழிப்பறைகள் ஆண்களுக்கானவற்றைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் கட்டாயம் என்றும் சொல்கிறது. நம் மண்டபங்களின் தரையில் பூப்பந்து (பேட்மிண்டன்) களத்துக்குக் கோடு போட்டிருக்கும். அந்தக் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு களத்தில் 23 பேர்தான் தங்கலாம். எந்த மண்டபத்திலாவது ஒரு களத்தில் 23 பேரோடு நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா?

செந்தூல்காரி

தாதி அம்மா, பூப்பந்துக் களக் கணக்கை எடுத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

பொறுப்பாளர் தம்பி, முதல் இரவில் எண்ணிக்கை போதும் என்பதை ஏற்கிறேன். மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேர் பாய் பாயாகப் போய் உட்கார்ந்து பேசி எழுதலாமே. வரிசை இருக்காது, மழை இருக்காது. என் வருத்தம், முதல் இரவில் எழுதிய அந்த வரி கடைசி நாள்வரை மாறாமல் இருந்துவிட்டது என்பதுதான்.

கடலூர்க்காரன் (பினாங்கு)

வேலைக்காக இங்கே வந்தவன் நான். சொந்த ஊர் கடலூர் மாவட்டத்தில் ஒரு மீனவக் குப்பம். 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, நான் பள்ளிச் சிறுவன்.

பினாங்கு நண்பர்களுக்கும் அந்த நாள் தெரியும். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் இந்த மாநிலத்தில்தான். எங்கள் பக்கத்தில் கணக்கு ஆயிரங்களில் போனது. பிறகு ஆக்ஸ்பாம் என்ற அனைத்துலகத் தொண்டு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் கடலூரில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று இருந்தது. ஆண்கள் படகில் ஆழ்கடலில் இருந்தார்கள். பெண்கள் மீனை வாங்கக் கரையில் நின்றார்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சேலையோடு ஓடினார்கள்.

அப்புறம் முகாமில் நடந்ததைப் பலர் பேசமாட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களுக்கு, திருமண வயது வராத பெண்பிள்ளைகளை அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். தாயில்லாத பெண்ணை முகாமில் வைத்துக் காப்பது கஷ்டம் என்று பெரியவர்களே முடிவெடுத்தார்கள். பணமாகக் கொடுத்த நிவாரணம் ஆண்கள் கைக்குப் போய், அதில் ஒரு பகுதி சாராயக் கடைக்குப் போனது. தலித் குடும்பங்களை அதே முகாமில் தங்கவிடாமல் விரட்டிய இடங்களும், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாத இடங்களும் நாகப்பட்டினம் பக்கத்தில் இருந்தன. மனித உரிமை அமைப்புகள் அவற்றைப் பதிவு செய்திருக்கின்றன. அலை எல்லா வீட்டையும்தான் அடித்தது. முகாமில் இடம் கொடுத்தவர்கள் ஆள் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

நல்லதும் ஒன்று நடந்தது. புது வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று தமிழக அரசு விதி போட்டது. என் அம்மா பெயரில் ஒரு சொத்து இருப்பது அதுதான் முதல் முறை. செந்தூல் அக்கா சொந்தப் பெயரில் பதிய வேண்டும் என்று எழுதியதைப் படித்ததும் அந்தப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது.

சட்ட மாணவி (பெட்டாலிங் ஜெயா)

நீங்கள் எல்லோரும் அனுபவத்தில் சொல்வது ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் கூட்டத்தில் வாதாட உதவும்.

உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த வழிகாட்டு நெறிகள் என்று ஐக்கிய நாடுகள் சபையில் 1998இல் முன்வைக்கப்பட்ட ஆவணம் ஒன்று உண்டு. சூடான் நாட்டு அறிஞர் பிரான்சிஸ் டெங் தலைமையில் உருவானது. மொத்தம் 30 நெறிகள். போரால் ஓடியவர்களோடு இயற்கைப் பேரிடரால் வீட்டை விட்டவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஒப்பந்தம் அல்ல, அதனால் கையெழுத்திட்ட நாடு என்று எதையும் கட்டிப்போட முடியாது. ஆனால் அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் நாடுகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மனித உரிமைகள்தான். மலேசியா குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்திலும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தத்திலும் 1995இல் சேர்ந்தது.

ஆற்றோரத்தான் அண்ணாவின் அப்பாவுக்கு 21ஆம் நெறி: விட்டுவந்த சொத்தைக் கொள்ளையிலிருந்து காக்க வேண்டும். கழிப்பறைக்கும் உணவுக்கும் 18ஆம் நெறி. நிவாரணத்தைத் திட்டமிடுவதிலும் பங்கிடுவதிலும் பெண்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் தயாரிப்புக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் அக்கா? பதிவேட்டுக்கு 20ஆம் நெறி. இடம்பெயர்ந்த ஒவ்வொருவரும் சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்கப்பட வேண்டும். தொலைந்த ஆவணங்களைத் தேவையற்ற நிபந்தனை இல்லாமல் திரும்பக் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு அவர்கள் சொந்தப் பெயரிலேயே கொடுக்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு இதைப் பேரிடர்க் களத்துக்கு ஏற்றபடி விரித்து எழுதினார்கள். வால்டர் கேலின் என்ற சுவிட்சர்லாந்துச் சட்டப் பேராசிரியர் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். 2006இல் வந்து 2011இல் திருத்தப்பட்டது. முதலில் உயிரும் உடலும் குடும்பப் பிணைப்பும், அடுத்து உணவு, மருத்துவம், தங்குமிடம், கல்வி. பிறகு வீடு, நிலம், பிழைப்பு. கடைசியாக ஆவணம், நடமாட்டம், கருத்துச் சொல்லும் உரிமை என்று அதில் வகுத்திருக்கிறார்கள். நாம் வழக்கமாக இரண்டாவதில் பாதியைச் செய்துவிட்டு மண்டபத்தைப் பூட்டிவிடுகிறோம்.

ஓர் ஆசிரியை (ஜோர்ஜ்டவுன்)

2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோது எங்கள் வட்டாரத்தில் பள்ளியே நிவாரண மையமானது. சுங்கை பினாங் ஆற்றோரத்துக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன வேதனை, ஆனால் அந்த ஆண்டு புதிதாக நனைந்த தெருக்கள் ஏராளம். ஏழு பேர் இறந்தார்கள், இராணுவம் வந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றே ஒன்றை வலியுறுத்துகிறேன். "நான் மாமா, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்" என்று வருபவரிடம் தொண்டர்கள் நல்லெண்ணத்தில் பிள்ளையை விட்டுவிடுகிறார்கள். செய்யக் கூடாது. யார் அழைத்துவந்தாரோ அவர் நேரில் வந்து சொல்லி, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் பிள்ளை வாசலைத் தாண்ட வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளை என்றால் சமூக நலத்துறை அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும். 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி எண் 24 மணி நேரமும் வேலை செய்கிறது, அதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

சுனாமியின்போது அச்சேயில் பிள்ளைகள் கடத்தப்படுவார்கள் என்ற அச்சத்தில் 16 வயதுக்குக் குறைந்தவர்களை வெளியே கொண்டுபோகவே இந்தோனேசிய அரசு தடை போட்டது. இலங்கையில் கல்முனை மருத்துவமனையில் அன்று சேர்க்கப்பட்ட 81ஆவது ஆள் ஒரு கைக்குழந்தை. பெயர் தெரியாததால் 81 என்றே அழைத்தார்கள். குழந்தையைத் தேடித் தவித்த பெற்றோர் பலர் வந்து பார்த்தார்கள். மரபணுச் சோதனை முடிந்து சொந்தப் பெற்றோரிடம் சேர பிப்ரவரி ஆகிவிட்டது.

பாயான் லெப்பாஸ் இரவுப்பணி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் எழுதுவது நல்லது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எழுதினால் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தாழ்வான இடத்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தார்கள். வங்காளதேசிகள், நேப்பாளிகள், இரண்டு பேர் நம் புதுக்கோட்டைப் பக்கம். இரவில் தண்ணீர் நெஞ்சளவு வந்தபோது மண்டபத்துக்குப் போகாமல் மேல்மாடிப் படிக்கட்டில் விடியும்வரை நின்றார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முதலாளியிடம் இருக்கிறது, மண்டபத்தில் அட்டை கேட்பார்கள், குடிநுழைவுத் துறைக்குச் சொல்லிவிடுவார்கள் என்றார் ஒருவர். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி இன்னொருவர் கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது குற்றம். ஆனால் பிடிபடுவது கடப்பிதழ் இல்லாதவன்தான்.

பதிவேட்டைத் திறக்கும்போது இவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

மண்டபப் பொறுப்பாளர் (கிள்ளான்)

தம்பி, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மண்டபம் சிறியது, பணம் நம் மக்கள் கொடுத்தது. இடம் பற்றாமல் போனால் வரி கட்டுகிற குடிமக்கள் வெளியே நிற்க வேண்டுமா? இந்தக் கேள்வியை மேடையில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நள்ளிரவில் வாசலில் நிற்கும் என்னிடம் கேட்கிறார்கள்.

பழைய தோட்டம் (சுங்கை பூலோ)

பொறுப்பாளர் தம்பி, நான் உங்களுக்கு மூத்தவன், கோபம் கொள்ளாமல் கேளுங்கள். குடிமக்கள் என்று கோடு போட்டால் அந்தக் கோடு முதலில் நம் வீட்டுக்குள்தான் விழும்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேர் பிறப்புப் பத்திரம் இல்லாமல், காலம் கடந்து பதிந்து, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு வாழ்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. என் அக்கா இந்த மண்ணில் பிறந்தவர், இந்த மண்ணில் பால்மரம் சீவியவர், எழுபது வயதைத் தாண்டியும் சிவப்பு அட்டைதான். அவர் பிள்ளைகளில் ஒருவனுக்கு அதுவும் இல்லை. வெள்ளம் வந்தால் அவர் எந்த வரிசையில் நிற்பார்?

அக்காளிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. தோட்டத்து மருத்துவமனையின் பழைய சீட்டு, ஒரு ஞானஸ்நானச் சான்று, அப்பாவின் சம்பளப் புத்தகத்தில் இரண்டு தாள். குடியுரிமை மனுவுக்கு அவர் கையில் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான். மைகார்டு என்ற அடையாள அட்டை நனைந்து போனால் தேசியப் பதிவிலாகாவில் விரல் ரேகை இருக்கிறது, பேரிடரில் தொலைத்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் மாற்று அட்டை கொடுத்துவந்திருக்கிறார்கள். அந்தத் தாள்கள் கரைந்தால் எந்த இலாகாவிலும் நகல் கிடையாது. அதனால் இப்போதே, மழை வருவதற்குமுன், கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். மூலத்தை நெகிழிப் பையில் போட்டுக் கட்டி, படகில் ஏறும்போது முதலில் எடுக்க வேண்டிய பொருளாக வைக்கச் சொல்லுங்கள்.

சட்ட மாணவி

ஐயா எழுதியதற்கு நன்றி. அந்த வழிகாட்டு நெறிகளின் வரையறையில் குடிமகன் என்ற நிபந்தனையே இல்லை. வீட்டையோ வழக்கமாக வசிக்கும் இடத்தையோ விட்டு வெளியேற நேர்ந்து, நாட்டின் எல்லையைத் தாண்டாதவர் என்றுதான் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் கடைவீட்டில் வசித்தவருக்கும் அது பொருந்தும்.

இரவுப்பணி அண்ணா சொன்ன அச்சம் உண்மையானது, அதைப் புறந்தள்ள முடியாது. பட்டியல் காக்கவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும். அதனால் எதற்காக எழுதுகிறோமோ அதற்குத் தேவையானதை மட்டும் எழுத வேண்டும். மண்டபத்தில் ஓர் இரவு பத்திரமாகத் தங்க என்ன தேவை? கூப்பிடும் பெயர், வயது, யாருடன் வந்தார், மருந்து, உடற்குறை, எந்த மொழி. குடியுரிமை தேவையில்லை, அட்டை எண்ணும் தேவையில்லை. அரசின் கருணைத் தொகைக்கு மனுச் செய்யும்போது அட்டை எண் தேவைப்படும்; அது வேறு தாள், வேறு மேசை, விரும்புகிறவர் மட்டும் போய் நிரப்பலாம்.

மண்டபப் பொறுப்பாளர் (கிள்ளான்)

ஐயா, கோபமில்லை. என் பெரியம்மாவும் சிவப்பு அட்டைதான், யோசிக்கவே இல்லை.

இரண்டு புத்தகம் என்ற யோசனையைச் செய்து பார்க்கிறேன். ஆனால் அதிகாரி வந்து புத்தகத்தைக் கொடு என்றால் மறைக்க முடியாது. பொய் சொல்லவும் மாட்டேன். இதில் உங்களோடு நான் உடன்படவில்லை என்றால் மன்னியுங்கள்.

சட்ட மாணவி

மறைக்க வேண்டாம் அண்ணா. அந்தப் புத்தகத்தில் குடியுரிமை இருக்காது, அட்டை எண் இருக்காது. கொடுத்தாலும் அதை வைத்து ஒருவரைப் பிடிப்பது கடினம். எழுதாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

ஆற்றோரத்தான் (ஷா ஆலம்)

மண்டபம் மூடிய பிறகு நடப்பதைப் பற்றியும் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்த இழை பாதியில் நிற்கும்.

2021இல் அரசு கொடுத்த 1,000 ரிங்கிட் குடும்பத் தலைவருக்கு என்ற கணக்கில் வந்தது. எங்கள் தெருவில் ஒரு மாடிவீட்டில் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், முகவரி ஒன்றுதான். இரண்டாவது குடும்பம் நாங்கள் வேறு என்று நிரூபிக்க அலைந்தது. கணவனை விட்டுப் பிரிந்து, மணமுறிவு இன்னும் முடியாத ஒரு பெண்ணும் இருந்தார். தொகை யார் பெயரில் போனது என்று சொல்லத் தேவையில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். ஒப்பந்தம் எழுத்தில் இல்லை, வீட்டுக்காரர் பழுதுபார்த்துவிட்டு வாடகையைக் கூட்டிவிட்டார். அவர்கள் "வீடு திரும்பியவர்கள்" கணக்கில் சேர்ந்தார்களா, யார் தேடினார்கள்?

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடை வலயம் போட்டார்கள். உயிரைக் காக்கத்தான் என்றார்கள். சொந்த நிலத்தில் வீடு கட்ட முடியாமல் தகரக் கொட்டகையில் ஓராண்டுக்கும் மேல் கிடந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். ஆற்றோரத்தில் இருப்பவர்களை எடுப்பதுதான் தீர்வு என்று இங்கேயும் பேச்சு வருகிறது. எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள், வேலைக்கு எப்படிப் போவோம், பிள்ளைகளின் பள்ளி எது என்று எங்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஆபத்தான இடத்தில்தான் இருப்போம் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை.

கடலூர்க்காரன் (பினாங்கு)

எங்கள் குப்பத்தையும் உள்ளே தள்ளித்தான் கட்டினார்கள். வீடு உறுதியானது, கடல் தூரமானது. வலையையும் இயந்திரத்தையும் தினமும் சுமந்துபோக வேண்டியிருந்ததால், பல பேர் பழைய இடத்தில் கொட்டகை போட்டு இரவு தங்கினார்கள். கேட்டிருந்தால் கரையில் வலைக்கூடம் ஒன்று வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

செந்தூல்காரி

நேற்று மறுபடி கூடினோம். சட்ட மாணவி கேட்ட கேள்விக்குப் பதில்: முதல் கூட்டத்தில் பதினெட்டுப் பேரில் பெண்கள் மூவர். நேற்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு வைத்தே நடத்தினோம்.

பேசி முடித்தவை இவை. கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் சந்துக்கு விளக்கும் இந்த வாரமே போடுகிறோம். மின்சாரம் போனால் எரிய மின்கல விளக்கும் வாங்கியாயிற்று. பெண்களும் பிள்ளைகளும் கழிப்பறைக்குப் பக்கத்து வரிசையில், தனியாக வந்த ஆண்கள் வாசல் பக்கம். மறுநாள் காலை ஆள் ஆளாகப் பெயர் எழுதும் வேலையை இரண்டு பெண்கள் ஏற்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் மலாயும் கொஞ்சம் வங்காளமும் பேசுவார். அட்டை எண் கேட்கப்போவதில்லை. நிர்வாகத்தில் இரண்டு பேர் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. சமூக நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கலாம் என்று முடிவானது. பூப்பந்துக் களக் கணக்குப்படி எங்கள் மண்டபத்தில் 70 பேர்தான் தங்க முடியும் என்று தெரிந்ததும் எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். 200 பேர் என்று பலகையில் எழுதி வைத்திருந்தோம். மிச்சம் பேருக்கு அருகிலுள்ள பள்ளியோடு இப்போதே பேச வேண்டும்.

ஒரு சந்தேகம் பாக்கி. மண்டபம் மூடிய பிறகு அந்தப் பெயர்ப் புத்தகத்தை யார் வைத்துக்கொள்வது?

பட்டர்வொர்த் தாதி (பணி ஓய்வு)

மருந்து எழுதிய பக்கங்களைக் கிழித்து அவரவரிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்த மருத்துவர் பார்க்கட்டும். தனியாக வந்த பிள்ளைகளின் பக்கம் சமூக நலத்துறைக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு. வாடகைக்கு இருந்தவர்கள், போக இடமில்லாதவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி உங்களிடம் வைத்துக்கொண்டு மாதா மாதம் கூப்பிட்டுப் பேசுங்கள். மீதியை எரித்துவிடுங்கள்.

மண்டபப் பொறுப்பாளர் (கிள்ளான்)

எரிப்பதற்குமுன் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளின் மாதிரியை இங்கே போடுங்கள் அக்கா, எங்கள் மண்டபத்துக்கும் அதையே அச்சடிக்கிறேன்.